முகிலில் வைத்த அமானிதம்

எங்கள் ஊரில் முன்பெல்லாம் ஒருவர் வெளியூருக்குப் போகும்போது நகையையோ காணி உறுதியையோ நம்பிக்கையான ஒரு வீட்டில் கொடுத்துவிட்டுப் போவது சாதாரண வழக்கம். உம்மாவின் அலுமாரியில் பிறருடைய பொட்டலங்கள் எப்போதும் இரண்டு மூன்று கிடக்கும். பழைய சேலைத் துண்டில் சுற்றி, நூலால் கட்டி, உடுப்புகளுக்கு அடியில் வைத்திருப்பார். சிறு வயதில் ஒரு நாள் அதில் ஒன்றை அவிழ்க்கப் பார்த்து நன்றாக அடி வாங்கினேன். உள்ளே என்ன இருக்கிறது என்று உம்மாவுக்கே தெரியாது. "அது அமானிதம். அதுக்குள்ள என்ன இரிக்கிண்டு பாக்கிறது நம்மட வேலையில்ல" என்றார். அந்தச் சொல்லை அதன் பிறகு எத்தனையோ தடவை பள்ளிவாசலிலும் மேடைகளிலும் கேட்டிருக்கிறேன். வகுப்பறையில் நானே விளக்கியும் இருக்கிறேன். ஆனால் அது எவ்வளவு சிக்கலான சொல் என்று யோசிக்க வைத்தது ஒரு கைத்தொலைபேசிதான்.

2023 பெப்ரவரியில் உம்மா மௌத்தானார். அதற்கு முந்திய இரண்டு வருடங்களில் எடுத்த படங்கள் எல்லாம் என்னுடைய போனில் இருந்தன. முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருப்பது, தஸ்பீஹ் மணியோடு திண்ணையில் உறங்கிப் போனது, என் மகளின் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது, பெருநாள் காலையில் எங்களுக்காகக் காத்திருப்பது என்று அநேகமானவை இப்படித்தான். படம் என்று சொல்லி எடுத்தவை குறைவு. பெரும்பாலும் அவருக்குத் தெரியாமலேயே எடுத்தவை.

2024இல் போன் நிரம்பத் தொடங்கியது. ஒரு படம் எடுக்கப் போனால் இடமில்லை என்கிறது. வட்ஸ்அப்பில் வரும் ஜனாஸா அறிவித்தலைக்கூடத் திறக்க மறுக்கிறது. மகள் ஏற்கெனவே ஒரு செயலியைப் போட்டுத் தந்திருந்தாள். அதன் பெயர் இங்கு தேவையில்லை. "படமெல்லாம் தன்பாட்டுல மேல போகும் வாப்பா, நீங்க ஒண்டுக்கும் பயப்படத் தேவல்ல" என்று சொல்லியிருந்தாள். மேலே என்றால் முகிலுக்கு. (யார் இந்தப் பெயரை வைத்தார்களோ தெரியாது. அந்த முகில் வானத்தில் இல்லை. அது ஏதோ ஒரு நாட்டில், பெருந்தொகை மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு, சூடேறாமல் குளிரூட்டப்பட்டு நிற்கும் கட்டடங்களுக்குள் இருக்கிறது. மழை பெய்யாத முகில்!) மேலே பத்திரமாக இருக்கிறதுதானே என்ற தைரியத்தில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து போனில் இருந்த எழுநூறு படங்களையும் அழித்தேன். இடம் கிடைத்தது. மனதும் இலேசானது.

மூன்று மாதம் கழித்து மகள் அழைத்தாள். "வாப்பும்மாட கடைசிப் பெருநாள் படத்த அனுப்புங்க வாப்பா." தேடினேன். கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை.

"போன்ல அழிச்சீங்களா?"

"ஓ. மேல இரிக்கிண்டுதானே நீ சென்ன."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "வாப்பா, அதுல அழிச்சா இதுலயும் அழியும்."

நான் நினைத்தது இப்படி. காணி உறுதியின் ஒரு பிரதி நொத்தாரிசிடம் இருக்கிறது. வீட்டில் இருப்பதைக் கறையான் அரித்தால் நொத்தாரிசிடம் இருப்பது போய்விடாது. பிரதி என்றால் அதுதான் பொருள். ஆனால் இந்தச் செயலிகள் பல செய்வது பிரதி எடுப்பதல்ல. போனையும் முகிலையும் ஒன்றுக்கொன்று கண்ணாடி ஆக்கி வைக்கின்றன. கண்ணாடிக்கு முன்னால் இருப்பவர் எழுந்து போனால் கண்ணாடிக்குள் இருப்பவரும் எழுந்து போய்விடுவார். இதை அறிந்தவர்கள் 'ஒத்திசைவு' என்கிறார்கள். இதே செயலிகளில் வேறொரு பொத்தானும் உண்டு. அதை அழுத்தினால் போனில் மட்டும் அழிந்து மேலே இருப்பது அப்படியே இருக்கும். இரண்டு பொத்தானுக்கும் இடையில் விரலகல தூரம்கூடக் கிடையாது. அழித்தவை உடனே போவதுமில்லை. ஒரு குப்பைக் கூடையில் கிடக்கும். ஆப்பிளின் முகிலில் 30 நாள். கூகிள் போட்டோஸில், மேலே ஏற்றப்பட்ட படம் என்றால், 60 நாள். நான் தேடியபோது என்னுடைய நாள் கடந்துவிட்டிருந்தது.

முதலில் வந்தது கோபம்தான். ஆனால் கோபத்தை யார் மீது வைப்பது என்று பார்த்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. அழித்தது என் விரல். அழிக்கும் முன் அந்தச் செயலி ஏதோ கேட்டது. ஆங்கிலத்தில் இரண்டு வரி. எல்லாச் சாதனங்களில் இருந்தும் நீங்கிவிடும் என்பதுதான் அது என்று இப்போது தெரிகிறது. நான் வாசிக்கவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளுக்கு 'வினாவை முழுதும் வாசித்துவிட்டு விடை எழுது' என்று சொல்லிக்கொடுத்தவன்!

நமது பிக்ஹு நூல்களில் அமானிதமாக வைக்கப்பட்ட பொருளைப் பற்றி விரிவாகவே பேசியிருக்கிறார்கள். வதீஆ என்பார்கள். வைத்தவர் கேட்டால் அந்தப் பொருளையே திருப்பிக் கொடுக்க வேண்டும். வைத்திருப்பவர் அதைத் தன் சொந்தத் தேவைக்குப் பாவிக்கக் கூடாது. அவருடைய கவனயீனமோ அத்துமீறலோ இல்லாமல் பொருள் அழிந்தால் அவர் பொறுப்பாளி அல்ல. இந்த அளவுகோலால் அளந்தால் என் விடயத்தில் கம்பனி குற்றவாளி அல்ல. உரிமையாளரே வந்து எரித்துவிடு என்றார், தவணை கொடுத்தும் பார்த்தார்கள், அவர் திரும்பி வரவில்லை, எரித்தார்கள். வழக்கு முடிந்தது.

முடிந்ததா? உம்மாவிடம் ஒருவர் வந்து, "என்ட பொட்டலத்த அடுப்புல போட்டிருங்க" என்று சொல்லியிருந்தால் உம்மா என்ன செய்திருப்பார்? முதலில் அவரை உட்கார வைத்திருப்பார். தேத்தண்ணி கொடுத்திருப்பார். "என்ன நடந்த உங்களுக்கு? வீட்டுல ஏதும் பிரச்சினயா?" என்று கேட்டிருப்பார். அவருடைய பெண்சாதிக்கு ஆள் அனுப்பியிருப்பார். அடுப்பில் மட்டும் போட்டிருக்க மாட்டார். குப்பைக் கூடையின் 30 நாள் என்பது அந்தக் கேள்வியின் இயந்திர வடிவம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வாயைத் திறந்து கேட்காத கேள்வி. எழுநூறு படங்களை, அவற்றில் நூற்றுக்கணக்கானவை ஒரே மூதாட்டியின் முகம் என்று நன்றாகவே தெரிந்த ஒரு செயலி, "இவற்றையா?" என்று ஒரு தடவை தமிழில் கேட்டிருக்கலாம்.

அமானிதம் என்பது ஒரு பொருளைப் பற்றிய ஒப்பந்தம் மட்டுமல்ல, இரண்டு மனிதருக்கு இடையிலான அறிமுகம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. மக்காவாசிகள் தம் பொருட்களை நபி (ஸல்) அவர்களிடம் வைத்தது அவரது மார்க்கத்தை ஏற்றதால் அல்ல, அவர் அல்அமீன் என்று அறிந்திருந்ததால். ஹிஜ்ரத்தின்போது அந்தப் பொருட்களை உரியவர்களிடம் ஒப்படைப்பதற்கென்றே அலி (ரழி) அவர்களை நிறுத்திவிட்டுச் சென்ற வரலாறு நமக்குத் தெரியும். கொல்லத் தேடியவர்களின் பொருளும் திரும்பிப் போயிற்று. அங்கே வைத்தவருக்கு வாங்கியவரின் முகம் தெரியும். முகிலின் கதவைத் தட்டினால் யார் வருகிறார்கள்? நான் எழுதிய முறைப்பாட்டுக்கு ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்தது. வாசித்தவர் எவரும் அதை எழுதியிருக்க முடியாது.

என் தவறை நான் ஒப்புக்கொண்ட பிறகும் பாக்கி இருக்கும் கேள்வி வாக்குறுதியைப் பற்றியது. 2015இல் கூகிள் தனது போட்டோஸ் செயலியைக் கொண்டுவந்தபோது, படத்தின் அளவைச் சற்றுக் குறைக்கச் சம்மதித்தால் எத்தனை படமும் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றது. உலகமே படங்களை அள்ளிக்கொண்டு போய்க் கொட்டியது. 2021 ஜூன் முதலாம் திகதியோடு அந்த ஏற்பாடு முடிந்தது. அதற்குப் பிறகு ஏற்றுபவை 15 ஜிகாபைட் என்ற எல்லைக்குள் அடங்க வேண்டும். கடிதங்களும் கோப்புகளும் அதற்குள்தான். பிளிக்கர் 2013இல் ஆளுக்கு ஒரு டெராபைட் இடம் தருவதாகச் சொன்னது. 2018இல் கைமாறிய பிறகு, இலவசக் கணக்குக்கு 1000 படம்தான், மிகுதி அழிக்கப்படும் என்று அறிவித்தது. மைஸ்பேஸ் 2019இல் இன்னும் சுருக்கமாக முடித்துக்கொண்டது. பழைய ஆண்டுகளில் மக்கள் ஏற்றி வைத்த பாடல்களும் படங்களும் சேவை மாற்றத்தின்போது போய்விட்டன, மன்னிக்கவும் என்றது. அவ்வளவுதான்.

இவற்றில் சட்டப்படி பொய் எதுவுமில்லை. முன்னறிவித்தல் கொடுத்தவர்களும் ஏற்கெனவே இருந்ததை விட்டுவைத்தவர்களும் உண்டு. ஆனால் ஒழுக்கத்தின் கண்ணால் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. இலவசமாக வை என்று ஒருவர் அழைக்கிறார். ஆறு வருடம் வைக்கிறோம். அதற்குள் வீட்டில் வைக்கும் பழக்கமே நமக்கு இல்லாமல் போகிறது. அலுமாரி செய்யும் தச்சனும் தொழிலை விட்டுவிட்டான். அப்போது வாடகை கேட்டால், கொடு அல்லது எடுத்துக்கொண்டு போ என்பது உண்மையில் தெரிவா? ஆயிரக்கணக்கான படங்களை நமது டேட்டா பக்கேஜில் இறக்கி முடிக்க எத்தனை இரவு விழிக்க வேண்டும் என்று முயன்று பார்த்தவருக்குத் தெரியும். 2022இல் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவில் இருந்து சில வாரங்களில் 360 வரை போனபோது, பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்றவர்களில் டொலர் கணக்கில் படத்துக்கு வாடகை கட்டிக்கொண்டிருந்தவர்களும் இருந்தார்கள். என் நண்பர் ஒருவர் எதை நிறுத்துவது என்று பட்டியல் போட்டபோது அதைத்தான் முதலில் வெட்டினார். பிள்ளைகளின் சிறுபராயத்தை அடகு வைத்ததுபோல் இருந்தது என்று பிறகு சொன்னார். அவர் மிகைப்படுத்திப் பேசுகிறவர் அல்ல.

ஆனால் இதுவெல்லாம் பணத்தோடு போகிற விடயம். என்னை உறங்கவிடாமல் செய்தது வேறு. பொட்டலத்தை அவிழ்ப்பது.

இந்தச் செயலி உம்மாவின் முகத்தை அடையாளம் கண்டு வைத்திருந்தது. வட்டத்துக்குள் அவர் முகம்; அதைத் தொட்டால் அவர் இருக்கும் எல்லாப் படமும் வரும். பெயர் எழுதும்படியும் கேட்டது, நானும் எழுதினேன். உண்மையைச் சொல்வதென்றால் அப்போது அது எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் உம்மா எப்படிப்பட்டவர்? அவரது கலியாணப் படங்கள் இருந்த அல்பம் வீட்டுக்கு வரும் பெண்களுக்கு மட்டும்தான் வெளியே வரும். வாப்பாவின் கூட்டாளிமார் அதைக் கண்டதே இல்லை. அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போன நாளைப் பற்றி வருடக்கணக்காக முறையிட்டுக்கொண்டிருந்தார். யாருக்குத் தன் முகத்தைக் காட்டுவது என்பது அவருடைய சிறிய இராச்சியம். நான் போனைத் தூக்கினால் முந்தானையை இழுத்துக்கொண்டு, "நம்மட ஆக்கள் மட்டுந்தானே பாப்பாங்க?" என்பார். ஓம் என்பேன். பொய் சொல்லும் நோக்கம் எனக்கு இருக்கவில்லை. அந்த விநாடியே அந்தப் படம் கடல் கடந்து போய்க்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் கொடுத்த வாக்கு முறிந்தால் அது முறிவுதானா? நோக்கம் இல்லையென்றால் குற்றமில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் தெரிந்துகொள்ள முயலாதது என் குற்றம் அல்லவா? உம்மா எனக்குத் தந்த அமானிதத்தை நான் அவரிடம் கேட்காமல் மூன்றாவது ஆளிடம் வைத்திருக்கிறேன். கம்பனியிடம் நான் வைத்த முறைப்பாட்டுக்கும் உம்மா என்னிடம் வைத்திருக்கக் கூடிய முறைப்பாட்டுக்கும் வித்தியாசம் பெரிதில்லை. இந்த இடத்தில்தான் என் கோபம் காற்றுப் போன பந்தாகியது.

அதற்காக, திறந்து பார்ப்பது எப்போதும் பிழை என்றும் சொல்ல வரவில்லை. 2022 ஓகஸ்டில் நியூயோர்க் டைம்ஸ் ஒரு செய்தியை வெளியிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், தன் சின்னஞ்சிறு மகனின் உடலில் இருந்த வீக்கத்தை டொக்டருக்குக் காட்டுவதற்காகப் படம் எடுத்திருக்கிறார். அது முகிலுக்குப் போக, கூகிளின் இயந்திரம் அதைச் சிறுவர் துஷ்பிரயோகம் என்று குறித்துவிட்டது. கணக்கு மூடப்பட்டது. பொலிஸார் விசாரித்துக் குற்றமில்லை என்று முடித்த பிறகும் கணக்கு திரும்பவில்லை. பிள்ளையின் முதல் வருடங்களின் படங்கள், கடிதங்கள், தொலைபேசி இலக்கம் எல்லாம் அதோடு போயின. வாசித்தபோது கொதித்தது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. உண்மையிலேயே சிறுவர்களைச் சீரழிக்கிறவர்கள் இதே முகிலைத்தான் பாவிக்கிறார்கள், அவர்களைப் பிடித்துக் கொடுத்ததும் இதே இயந்திரம்தான். எந்தப் பொட்டலத்தையும் அவிழ்ப்பதில்லை என்று சத்தியம் செய்தவரின் அலுமாரியில் கள்ளப் பொருளும் பாதுகாப்பாக இருக்கும். உம்மாவுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. ஏனென்றால் யாருடைய பொட்டலத்தை வாங்குவது, யாருடையதை வாங்காமல் விடுவது என்று அவருக்குத் தெரியும். இரண்டாயிரம் பேரின் பொட்டலம் வந்திருந்தால் அவரும் திறந்து பார்த்திருப்பாரோ என்னவோ.

இன்னொன்றையும் சொல்லிவிட்டுப் போகிறேன். உம்மா போய் ஒரு வருடம் நிறைந்த காலை, ஸுபஹு தொழுதுவிட்டுப் போனை எடுத்தால் ஒரு அறிவித்தல்: கடந்த வருடம் இதே நாள். திறந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டில், மூக்கில் குழாய், பின்னணியில் துள்ளலான ஒரு இசை. 2014 முடிவில் பேஸ்புக் இப்படித்தான் தன் வருடக் கணக்கைக் காட்டப்போய், அந்த வருடம் மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பனுக்கு அந்தப் பிள்ளையின் படத்தையே கொண்டாட்டச் சித்திரங்களுக்கு நடுவில் வைத்துக் காட்டியது. பிறகு வருத்தம் தெரிவித்தார்கள். எகிப்திய அரசன் ஒருவன், எழுத்து என்ற புதிய கலை மனிதரின் ஞாபகத்தை மழுங்கடித்துவிடும் என்று அஞ்சியதாகப் பிளேட்டோ ஒரு கதை சொல்கிறார். அவனுக்குக்கூட எழுத்து தானாக எழுந்து வந்து விடியற்காலையில் நம்மை எழுப்பும் என்று தோன்றவில்லை.

இவ்வளவையும் மகளிடம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்: "சரி வாப்பா, அந்தக் கலியாண அல்பம் எங்க?"

என்னிடம் பதில் இல்லை. அந்த அல்பம் 2004 டிசம்பர் 26ஆம் திகதி அலுமாரியோடு போனது. கடல் வீட்டுக்குள் வந்து இருபது நிமிடமும் நிற்கவில்லை. வீட்டுச் சுவரும் கிணற்றுக் கட்டும் மிஞ்சின. உம்மாவின் இளமை முகம் என் மகளுக்குத் தெரியாது. அவளுடைய கேள்வியின் நியாயம் அதுதான். முகில் என்று ஒன்று அன்று இருந்திருந்தால் அந்த முகம் எங்கோ ஓரிடத்தில் இருந்திருக்கும். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இருந்து இரண்டு மணித்தியால அவகாசத்தில் துரத்தப்பட்ட நமது மக்கள் எதை எடுத்துக்கொண்டு வந்தார்கள்? புத்தளத்தில் இருக்கும் ஒரு நண்பரின் வீட்டில், 1990க்கு முந்திய எந்தப் படமும் கிடையாது. வாப்பாவின் முகம் தன் ஞாபகத்தில் இருந்து ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் அழிகிறது என்று அவர் ஒரு தடவை சொன்னார். அவரிடம் போய் முகத்தை அடையாளம் காணும் இயந்திரத்தின் ஒழுக்கச் சிக்கலைப் பேச எனக்குத் துணிவு வராது.

கடலோடு யாரும் வாதாட முடியாது. அது வாக்குத் தரவில்லை, நிபந்தனைகளையும் நீட்டவில்லை. துப்பாக்கியோடு வந்தவர்களும் பத்திரமாக வைத்துத் தருகிறோம் என்று சொல்லவில்லை. முகிலைப் பற்றிக் கேள்வி கேட்க முடிவது அது வாக்குத் தந்ததால்தான். ஆகவே அது கடலைவிடவும் துப்பாக்கியைவிடவும் நல்லது என்பதை ஏற்றுக்கொண்டே அதோடு வாதாட வேண்டியிருக்கிறது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்த படங்கள் எப்படி வந்தன என்பதை மகளுக்குச் சொன்னேன். கண்டியில் இருக்கும் சாச்சியின் வீட்டில் இருந்து நாலு. கட்டாரில் வேலை செய்த மச்சான் பேர்ஸில் வைத்திருந்தது ஒன்று. பக்கத்து ஊர் மாமி ஒருவர், உம்மா எப்போதோ கொடுத்த படத்தைக் குர்ஆன் மனனப் போட்டியில் கிடைத்த சான்றிதழின் பின்னால் வைத்திருந்தார். 2011இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது சேற்றில் கிடந்த படங்களைத் தொண்டர்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கழுவி, காய வைத்து, மண்டபங்களில் தொங்கவிட்டு உரியவர்களைத் தேடினார்கள். யாருடைய படம் என்று தெரியாமலே கழுவினார்கள். நமது கரையில் அப்படி யாரும் செய்ததை நான் காணவில்லை. படத்தை நினைக்கிற நிலையில் அப்போது யாரும் இருக்கவுமில்லை.

இந்த முறையும் அதையே செய்தேன். குடும்பத்தில் எல்லோருக்கும் தகவல் அனுப்பினேன்: உம்மாவின் படம் யாரிடம் இருந்தாலும் அனுப்புங்கள், ஆனால் எங்கும் போட வேண்டாம். இரண்டு கிழமைக்குள் முப்பத்தொன்று வந்தன. வட்ஸ்அப் வழியாக வந்ததால் சுருங்கி, சில மங்கலாகி. கடைசிப் பெருநாள் படம் யாரிடமும் இல்லை. தோஹாவில் இருக்கும் தங்கச்சியின் மகன் அனுப்பிய ஒன்றை நான் இதற்கு முன் கண்டதில்லை. எப்போது எடுத்தான் என்று கேட்டேன், அவனுக்கே ஞாபகமில்லை. உம்மா சமையலறை வாசலில் நிற்கிறார். போனைக் கண்டுவிட்டிருக்கிறார். வலது கையை உயர்த்தி முகத்துக்கு முன்னால் பிடித்திருக்கிறார். விரல்களுக்கு இடையில் ஒரு கண்ணும் பாதிச் சிரிப்பும் மட்டும் தெரிகின்றன.

பன்னிரண்டு படங்களைத் தெரிந்து, பிறிண்ட் போடுவதற்காகக் கல்முனையில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனேன். மூன்று செட். எனக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, கண்டிக்கு ஒன்று. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பொடியன் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு போனான். அந்தப் படம் வந்ததும் நிறுத்தினான்.

"சேர், இந்தக் கைய எடுத்துப்போட்டு முகத்த முழுசா வர வெச்சித் தரேலும். இப்ப அதுக்கெல்லாம் ஏஐ இரிக்கி. அஞ்சு நிமிஷ வேல."

மற்றப் படங்களில் இருந்து முகத்தை எடுத்துக்கொள்ளும் என்றும் விளக்கினான். நல்ல பொடியன், உதவி செய்யத்தான் பார்த்தான். திரையில் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

"வேணாம் தம்பி. அப்பிடியே போடுங்க."